மணம் ஒவ்வாதவர்க்கு ஒரு படுக்கை

மட்டக்களப்புக்குச் சென்றவர்களைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்றொரு பேச்சு ஈழநாடெங்கும் வழங்கி வருகின்றது. அதனை மந்திர தந்திரமென்று வெளியூரார் அஞ்சுவதுண்டு. வந்தவரை எளிதில் வழியனுப்ப மனம் வராத விருந்தோம்பலையே அது குறிக்கின்றதென்று இவ்வூரார் நகைப்பதுமுண்டு. எதுவாயினும், அப்பேச்சில் வருவது பாயேயன்றி மெத்தையன்று. வந்தவருக்குப் பாய் விரிப்பதே இந்நாட்டு முறையாயிருந்தது.

இன்று அந்நிலை மாறிவிட்டது. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமாய்ப் படுத்துக் கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் சரி, படுவான்கரையிலும் சரி, புதுவீடு புகுவோர் முதலில் வாங்கும் பொருள்களில் ஒன்றாக ஸ்பொஞ்ச் மெத்தை வந்து சேர்ந்திருக்கின்றது. பெரும்பாலோருக்கு அதனால் இடரேதுமில்லை. ஆனால், சில வீடுகளில் மெத்தை வந்த அன்றிரவே ஒருவருடைய உறக்கம் போய்விடுகின்றது. தலையிடிக்கின்றது, தொண்டை கரகரக்கின்றது, கண் எரிகின்றது, குமட்டுகின்றது. பக்கத்திற் படுத்தவரோ குறட்டை விட்டு உறங்குகின்றார். "எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் மெத்தை உனக்கு மட்டும் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?" என்று கேள்வி பிறக்கின்றது. கேட்கப்பட்டவரிடம் விடையில்லை, உறக்கமுமில்லை.

இத்தகையவருக்கு, வீட்டு வருவாய்க்கு அடங்கிய ஒரு படுக்கையை எவ்வாறு அமைப்பது? 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் ஒவ்வொரு ரூபாவையும் எண்ணிச் செலவிடப் பழகிய குடும்பங்களுக்கு இது சிறு கேள்வியன்று. தவறிய மெத்தையைக் கடைக்காரர் திரும்ப ஏற்பது அரிது. ஆகவே வாங்குமுன் அறிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கு ஆராய்வோம்.

இது நோயா, நினைப்பா?

மணமும் இரசாயன ஆவியும் சிலரை மட்டும் வருத்துவதைப் பற்றி 1950ஆம் ஆண்டுகளிலேயே எழுதத் தொடங்கியவர் அமெரிக்காவின் சிக்காகோ நகரத்து ஒவ்வாமை வைத்தியர் தெரொன் ரண்டொல்ப். 1987இல் மார்க் கல்லன் என்னும் மற்றொரு அமெரிக்க வைத்தியர் இந்நிலைக்குப் 'பல்வகை இரசாயனக் கூருணர்வு' என்று பொருள்படும் பெயரையிட்டார். 1996இல் பேர்லின் நகரிற் கூடிய ஆய்வாளர்கள், இரசாயனந்தான் காரணமென்று இன்னும் நிறுவப்படவில்லையாதலால், 'காரணந் தெளியாத சுற்றாடல் ஒவ்வாமை' என்று கூறுதலே தகும் என்றனர். மணத்தை மறைத்து நடத்திய சோதனைகள் பலவற்றில், நோயாளர்கள் இரசாயனத்தையும் வெறுங்காற்றையும் பிரித்தறியவில்லை என்பதும் உண்மை. இவ்விடயத்தில் வைத்திய உலகம் இன்னும் ஒருமனப்படவில்லை.

ஆயினும் இதிலிருந்து நாம் ஒன்றைத் தெளிவாகப் பெறலாம். காரணம் எதுவென்பதிற்றான் வாதம் உண்டு. துன்பம் உண்டென்பதில் வாதம் இல்லை. உறக்கமிழந்தவர் நடிக்கின்றார் என்று எவரும் நிறுவவில்லை. எனவே வீட்டார் செய்யவேண்டிய முதல் உதவி, அவர் சொல்லை நம்புதல். இரண்டாவது உதவி, அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுதல். தொய்வு, மூக்கடைப்பு, தோற்படை ஆகியவை இத்தகைய தோற்றத்தோடு வருவதுண்டு. அவற்றுக்குத் தக்க மருந்துகள் உண்டு. மெத்தையை மாற்றிக்கொண்டே தொய்வை வளரவிடுதல் பேதைமையாகும்.

ஸ்பொஞ்சுக்குள் இருப்பது என்ன?

ஸ்பொஞ்ச் மெத்தை பொலியூரத்தேன் என்னும் செயற்கைப் பொருளால் ஆனது. ஜேர்மனியின் லெவர்குசன் நகரில் 1937இல் ஒற்றோ பாயர் என்பாரும் அவருடன் உழைத்தோரும் கண்ட இரசாயன வினையே இதற்கு மூலம். பொலியோல் என்னும் திரவத்தோடு ஐசோசயனேற்று என்னும் மற்றொன்று கூடும்போது, மா பொங்குவதுபோல அது பொங்கி நுரைத்து, அந்நுரை அப்படியே இறுகிவிடுகின்றது. வினையை விரைவுபடுத்தவும் நுரையின் கண்களை ஒரு சீராக்கவும் வேறு சில பொருள்களும் சேர்க்கப்படுகின்றன. சில நாடுகளிற் தீப்பற்றாதிருக்கவும் மருந்துகள் இடப்படுவதுண்டு. இவற்றின் மேல் பசை. பசையின் மேல் சாயமேறிய துணி. எல்லாவற்றுக்கும் மேல் பொலித்தீன் உறை.

புது மெத்தையில் எழும் மணம், இவற்றிலிருந்து மெல்ல வெளியேறும் ஆவிகளின் மணமே. முதற் சில நாள்களில் அது மிகுதி. வாரங்கள் செல்லச் செல்லக் குறையும். வெப்பம் கூடினால் ஆவியும் கூடும். நம் பகுதியில் தகரமோ அஸ்பெஸ்டாசோ வேய்ந்த கூரையின் கீழ், காற்றோட்டமில்லாத சிற்றறையில், பகலெல்லாம் வெந்த மெத்தை இரவிலும் மணம் வீசுவதில் வியப்பென்ன? மெத்தை அழுக்காகிவிடுமென்று பொலித்தீன் உறையைக் கழற்றாமலே அதன்மேல் விரிப்பைப் போட்டுப் படுக்கும் வழக்கமும் பல வீடுகளில் உண்டு. அது மணத்தைப் போக்குவதில்லை, பூட்டி வைக்கின்றது.

ஏற்கெனவே ஸ்பொஞ்ச் மெத்தை வாங்கிவிட்டவர்கள் அதனை உடனே எறிந்துவிட வேண்டியதில்லை. உறையைக் களைந்து, காற்றோடும் நிழலான திண்ணையில் நிமிர்த்தி வைத்துச் சில வாரங்கள் விட்டுப் பார்க்கலாம். வெயிலில் நாட்கணக்காகப் போடுதல் தகாது. சூரியவொளி பட்டால் பொலியூரத்தேன் மஞ்சளித்துப் பொடியாக உதிரும். அப்பொடியும் மூச்சுக்கு நல்லதன்று. பின்னரும் மணம் போகவில்லையானால், அந்த மெத்தை அவ்வீட்டில் வேறொருவருக்கு உரியதென்று கொள்ளலே முறை.

கட்டிலையும் மறந்துவிடலாகாது. மரத்தூளையோ மெல்லிய பலகைகளையோ பசையிட்டு அழுத்திச் செய்த கட்டில்களிலிருந்து போர்மல்டிகைட்டு என்னும் ஆவி வெளிவரலாம். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் அதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் வரிசையிற் சேர்த்தது. மெத்தையைக் குற்றஞ்சாட்டிக்கொண்டிருக்க, குற்றவாளி கட்டிலாயிருத்தலும் கூடும்.

பஞ்சும் தும்பும்

செயற்கை வேண்டாமென்றால் இயற்கை இருக்கின்றதே என்பர். உண்மையே, ஆயினும் இயற்கையென்ற சொல் ஒன்றே நற்சான்றிதழ் ஆகிவிடாது. ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

இலவம்பஞ்சு நம் முன்னோர் நன்கறிந்த பொருள். பஞ்சசயனம் என்று பழைய உரைகாரர் கூறும் ஐவகைப் படுக்கையில் இலவம்பஞ்சும் ஒன்றாக எண்ணப்படும். அதன் இழை உள்ளீடற்றது. மேலே மெழுகு படிந்தது. ஆதலால் நீரை எளிதில் ஏற்காது. உயிர்காப்பு அங்கிகளில் அதனைத் திணித்ததும் அக்காரணத்தினாலேயே. பசையோ இறப்பரோ சேராமல், துணிக்குள் நிரப்பித் தைத்தாலே மெத்தையாகிவிடும். குறை என்னவெனில், நாளடைவில் அது கட்டிபட்டுத் திரளும். ஆண்டுகள் செல்ல இழை முறிந்து தூளாகும். தூசி ஒவ்வாதவருக்குப் பழைய பஞ்சு மெத்தை ஸ்பொஞ்சிலும் கொடிதாகலாம். பஞ்சு மெத்தை தைப்பிப்போர் புதுப் பஞ்சையே கேட்டு வாங்கி, விதையும் தூசியும் நீக்குவித்து, மெத்தைத் துணியைக் கஞ்சி போகும்வரை இருமுறை மும்முறை துவைத்துக் காயவிட்டுப் பின் தைப்பித்தல் நன்று. பஞ்சு நிரப்பும்போது நோயாளி அங்கே இருத்தலாகாது.

தும்பு மெத்தை இலங்கைக்கு மிகப் பொருத்தமானது. தென்னையும் இறப்பரும் இரண்டும் இந்நாட்டிலேயே விளைகின்றன. சுருளாக்கிய தென்னந்தும்பின்மேல் இறப்பர்ப் பாலைத் தெளித்து, அச்சில் அழுத்தி வேகவைத்து இதனைச் செய்கின்றனர். காற்றுப் புகும், உறுதியாயிருக்கும், முதுகுக்கும் நல்லது. ஆனால் இறப்பரை இறுகச் செய்யக் கந்தகமும் வேறு மருந்துகளும் சேர்வதால் புதுத் தும்பு மெத்தைக்கும் ஒரு தனி மணமுண்டு. மேலும், இறப்பர்ப் பாலிலுள்ள புரதமே சிலருக்கு ஒவ்வாது. இறப்பர்க் கையுறையோ பலூனோ பட்டால் தோல் தடிப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் இதனை வாங்கலாகாது. தும்பென்று சொல்லி விற்கும் மெத்தைகள் சிலவற்றின் இருபுறமும் ஸ்பொஞ்ச் ஒட்டப்பட்டிருப்பதும் உண்டு. ஆகவே உள்ளே என்ன இருக்கின்றதென்று கேட்டறிதல் வேண்டும்.

வாவிக்கரை தரும் விடை

இவற்றையெல்லாம் ஆராய்ந்தபின், மிகக் குறைந்த செலவில் மிகக் குறைந்த மணத்தோடு கிடைக்கும் படுக்கை எதுவெனத் தேடினால், அது நம் காலடியிலேயே சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றது. அதுதான் பன்பாய்.

பன் என்பது சதுப்பு நிலங்களிலும் குளக்கரைகளிலும் வளரும் ஒருவகைப் புல். தமிழ்நாட்டிற் பத்தமடைப் பாய்க்குக் கோரை எப்படியோ, அப்படியே மட்டக்களப்புப் பகுதிக்குப் பன். அதனை அறுத்து வெயிலிற் காயவைத்து, வேண்டிய இழைகளுக்கு மாத்திரம் சாயமேற்றிப் பெண்கள் கையாலேயே பாய் இழைக்கின்றனர். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இக்கரையூர்களில் இரு சாராரும் படுத்துறங்கியது பன்பாயிலேதான். பசையில்லை, நுரையில்லை, தீத்தடுப்பு மருந்தில்லை. காய்ந்த புல்லின் மெல்லிய மணம் ஒன்றே உண்டு. அதுவும் சில நாளில் அடங்கிவிடும்.

இதிலும் கவனிக்க வேண்டியவை சில உள. முதலாவது, சாயம். செம்மையும் பச்சையும் ஊதாவும் மிளிரும் பாய் கண்ணுக்கு விருந்து. ஆயினும் மலிவான இரசாயனச் சாயம் வியர்வையிற் கரைந்து தோலிற் படியலாம். மணம் ஒவ்வாதவருக்குச் சாயமிடாத வெள்ளைப் பாயே ஏற்றது. கடையில் அது கிடையாவிடில், பாயிழைப்பவரிடம் நேரிற் சொல்லி இழைப்பிக்கலாம். அவருக்குச் சாயச் செலவு மிச்சம். நமக்கு நோய் மிச்சம். இரண்டாவது, ஈரம். நன்றாகக் காயாத பன்னில் இழைத்த பாயிற் பூஞ்சணம் பிடிக்கும். கறுப்புப் புள்ளியும் முடைநாற்றமும் உள்ள பாயை எவ்வளவு மலிவாயினும் தொடலாகாது. மூன்றாவது, பெயர். பாய் என்று விற்கப்படுவனவற்றுட் பல இன்று பிளாஸ்டிக்கினால் ஆனவை. கழுவ எளிதென்பது உண்மை. ஆனால் நாம் தேடும் பொருள் அதுவன்று.

"வெறும்பாயிற் படுத்தால் உடம்பு நோகாதா?" என்று கேட்பது நியாயமே. இளமையிற் பழகியவர்க்கு நோகாது. மெத்தைக்குப் பழகியவர்க்கு நோகும். அதற்காகவே அடுக்குப் படுக்கையை எண்ணிப் பார்க்கவேண்டும். கீழே தென்னங்கயிறு பின்னிய கட்டில், அல்லது சட்டங்களுக்கிடையே இடைவெளி விட்ட பழைய மரக்கட்டில். வண்ணெண்ணெய் காய்ந்து பல ஆண்டான பழங்கட்டில், புதுக்கட்டிலிலும் மேலானது. அதன்மேல் ஒன்றின்மேலொன்றாக இரண்டு பன்பாய்கள். அவற்றின்மேல், பலமுறை துவைத்துத் துவைத்து மென்மையான பழைய பருத்திச் சேலைகளை நாலைந்தாக மடித்து இழையோட்டித் தைத்த விரிப்புகள் இரண்டோ மூன்றோ. புதுத்துணிதான் வேண்டுமென்பார்க்கு மருதமுனையிலும் காத்தான்குடியிலும் கைத்தறித் துணிகள் உண்டு. அவற்றையும் முதலிற் பலமுறை துவைத்தே பயன்படுத்தல் வேண்டும். இடுப்பும் தோளும் நோகுமானால் மேலும் ஒரு விரிப்பைச் சேர்க்கலாம். போதுமென்றால் ஒன்றை எடுக்கலாம். ஒரு பகுதி ஒவ்வாவிட்டால் அதனை மட்டும் நீக்கலாம். முழுப் படுக்கையும் நட்டமாவதில்லை. மெத்தையில் இந்த வசதி இல்லை.

ஒரு எச்சரிக்கை. எழுந்து நடமாட முடியாது படுத்த படுக்கையாயிருப்பவரை இவ்வடுக்கில் விடலாகாது. அவர்களுக்குப் படுக்கைப் புண் வரும் அபாயமுண்டு. அவர்களுடைய படுக்கையை வைத்தியரோ தாதியரோ தீர்மானிக்க வேண்டும்.

கண்ணுக்குப் புலப்படாத பகைவர்

இரசாயனத்தை மாத்திரம் தேடி வேறொரு பகைவரை மறந்துவிடுவோர் பலர். நெதர்லாந்தின் லெய்டன் நகரத்து ஆய்வாளர்கள் 1964இல், வீட்டுத் தூசியினால் வரும் தொய்வுக்குச் சிற்றுண்ணி என்னும் நுண்ணுயிரே பெருங்காரணமென்று கண்டறிந்தனர். அதன் நீளம் ஒரு மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாது. அது நம்மைக் கடிப்பதில்லை. நாம் உதிர்க்கும் தோற்பொடியைத் தின்று வாழ்கின்றது. அதன் எச்சமே நமக்கு ஒவ்வாதது. ஈரக்காற்றும் இளஞ்சூடும் உள்ள இடம் அதற்குச் சொர்க்கம். வாவிக்கரை அத்தகைய இடமென்று சொல்லவும் வேண்டுமா? பஞ்சும் ஸ்பொஞ்சும் தும்பும் அதற்கு ஒன்றுபோலவே இடங்கொடுக்கும். எனவே மெத்தை பழையதாகப் பழையதாக நோய் கூடினால், ஐயம் இரசாயனத்தின்மேலன்று, சிற்றுண்ணியின்மேற் செல்லவேண்டும்.

இங்கும் பாய்க்கு ஒரு மேன்மை உண்டு. தடித்த மெத்தையின் நடுவை வெயில் எட்டாது; பாயையும் விரிப்பையும் எட்டும். கச்சான் காற்று வீசும் கோடை மாதங்களில் வாரந்தோறும் அவற்றை வெளியே விரித்து, திருப்பிப் போட்டு, தட்டி எடுத்தல் வேண்டும். விரிப்புகளையும் தலையணை உறைகளையும் 60 பாகை வெப்பமுள்ள நீரில் ஊறவைத்துத் துவைத்தால் உண்ணி மடியும். மணமூட்டிய சவர்க்காரப் பொடியும் துணியை மென்மையாக்கும் திரவமும் வேண்டா. மணமற்ற சவர்க்காரம் போதும். கார்த்திகையிலிருந்து தை வரை மழை கொட்டும் மாரியில் வெயில் கிடையாதாகையால், பாயை நிலத்தில் விடாமல் கட்டிலின்மேல் விரித்து, பகலில் அதனைத் தூக்கி நிறுத்திக் காற்றுப்பட வைக்கவேண்டும். 2011 ஜனவரியில் இம்மாவட்டத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. நீரூறிய தடித்த மெத்தை உள்ளே காய நாளாகும்; அதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். பாய் ஒருநாள் வெயிலிற் காயும். காயாவிட்டாலும் சிறு செலவில் வேறொன்று வாங்கலாம்.

வாங்குமுன் சோதனை

எப்படுக்கையை வாங்குவதாயினும் முதலில் ஒரு துண்டைக் கேட்டுப் பெறுக. மெத்தையானால் உள்ளீட்டிலும் மேற்றுணியிலும் சிறிதளவு. பாயானால் சில பன் இழைகள். அவற்றை, கழுவிக் காயவைத்த கண்ணாடிப் போத்தல் ஒன்றில் இட்டு இறுக மூடி, ஒரு பகல் வெயிலில் வைத்திடுக. மாலையில் முதலில் வீட்டிலுள்ள நலமுள்ள ஒருவர் திறந்து முகர்ந்து பார்க்கட்டும். மணம் கடுமையாயின் அத்தோடு நிறுத்திவிடலாம். மெல்லியதாயின், நோயாளி தூரத்திலிருந்து சிறிது முகரலாம். கடுந்தொய்வு உள்ளவர்கள் இச்சோதனையில் இறங்கவே கூடாது.

துண்டு ஒத்துக்கொண்டால் பொருளை வாங்கி, ஒரு வாரம் திண்ணையிற் காற்றாட விட்டு, முதலிற் பகலில் ஒரு மணி நேரம், பிறகு ஓரிரவு, பிறகு ஏழிரவு என்று படிப்படியாகப் பழகுக. அந்த நாள்களில் வேறெதனையும் மாற்றலாகாது. புதுப்பாயும் புதுச் சவர்க்காரமும் புது நுளம்புத் திரியும் ஒரே வாரத்தில் வந்தால், எது தீங்கு செய்ததென்று யார் சொல்ல வல்லார்? உறங்கிய நேரமும் விழித்தபோது இருந்த நிலையும் நாள்தோறும் ஒரு கொப்பியிற் குறித்து வைத்தல் நன்று. பள்ளி செல்லும் பிள்ளைகள் விஞ்ஞான பாடத்திற் கற்கும் முறையும் இதுவே: ஒன்றை மாற்று, மற்றவற்றை மாற்றாதே, கண்டதை எழுது. இக்குறிப்பை வைத்தியரிடம் காட்டினால் அவருக்கும் அது பெருந்துணையாகும்.

படுக்கையறையிலுள்ள ஏனைய மணங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நுளம்புத் திரியின் புகை, அலுமாரியிலுள்ள பூச்சியுருண்டை, புதுச்சுவரின் வண்ணம், தலைமாட்டில் எரியும் ஊதுபத்தி ஆகியன மெத்தையிலும் மிஞ்சியவையாகலாம். திரியை விலக்கினால் நுளம்பு வந்து டெங்கு தருமென்று அஞ்சுவோர், மருந்தூட்டாத நுளம்பு வலையைத் துவைத்துக் கட்டிக்கொள்ளலாம். டெங்கு நுளம்பு பகலிற் கடிப்பதாகையால், வளவில் நீர் தேங்காமற் காப்பதும் உடன் வேண்டும்.

வீட்டாரின் பங்கு

செலவு செய்யும் ஒழுங்கையும் சொல்லி முடிப்போம். முதலிற் செலவேயில்லாதவை: அறையின் மணங்களை அகற்றல், காற்றை உள்ளே விடுதல், பழந்துணிகளைத் துவைத்து விரிப்புத் தைத்தல். அடுத்து, சாயமிடாத பாய். அதன்பின் வேண்டுமாயின் கயிற்றுக் கட்டில். இவை யாவும் போதாதென்று தெளிந்தபின்னரே, புதுப்பஞ்சு மெத்தையோ தும்பு மெத்தையோ. இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி, விலையுயர்ந்த மெத்தையை முதலில் வாங்கி, அது ஒவ்வாதபோது அதனினும் விலையுயர்ந்த வேறொன்றைத் தேடுவதால்தான் பல குடும்பங்கள் பணத்தையும் இழந்து, நோயாளியின்மேல் வெறுப்பையும் வளர்த்துக்கொள்கின்றன.

வெறுப்பு என்று நாம் சொல்வது மிகையன்று. ஒவ்வாத மணத்தால் வருந்துபவரை இரவில் விழித்திருக்க வைப்பது மெத்தையாக இருக்கலாம். பகலிற் குன்றிப்போக வைப்பது வீட்டாரின் ஏளனம். பாயிற் படுப்பது ஏழ்மையின் அடையாளமென்று கருதும் மனப்பான்மை நம்மிடையே வளர்ந்துவிட்டதால், எல்லோரும் கட்டில் மெத்தையிற் படுக்க, ஒருவர் மட்டும் கீழே பாய் விரிப்பது அவருக்குத் தண்டனை போலத் தோன்றுகின்றது. அப்பாயைக் கட்டிலின்மேல் ஏற்றி, வெளுத்த விரிப்பிட்டு, காற்று வரும் சாளரத்தோரமாக அமைத்துக் கொடுத்தால், அதுவே அவ்வீட்டின் சிறந்த படுக்கையாகிவிடும். அதற்குப் பெருஞ்செலவில்லை. ஒருவர் நன்றாக உறங்க வேண்டுமென்ற எண்ணம் மற்றவர்க்கு இருந்தாற் போதும்.